டெல்டாப் பிள்ளைகள் கிளப் கால்பந்துக்குப் போவதற்கு முன் செய்துகொள்ள வேண்டியவை

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் பந்து உதைக்கத் தொடங்கி, வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனாகப் பதினோரு ஆண்டுகள் சம்பளத்துக்கு ஆடி ஓய்ந்தவன் நான். "பையனை எந்த கிளப்பில் சேர்க்கலாம்?" என்று ஊரில் பெற்றோர்கள் கேட்கும்போதெல்லாம் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குகிறேன். கிளப் நம்மை ஆட்டக்காரனாக்கிவிடும் என்று நம்பித்தான் நானும் ரயில் ஏறினேன். கிளப் எனக்கு ஆட்டங்களையும் சீருடையையும் பெரும்பாலான மாதங்களில் சம்பளத்தையும் கொடுத்தது. என் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேலை மட்டும் கடைசிவரை என் தலையிலேயே இருந்தது.

முதலில், ஆடும் தரை. சம்பா அறுவடை முடிந்தால் வயலெல்லாம் மைதானம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதையும் எடுத்த பிறகு சித்திரை வெயிலில் களிமண் வெடித்து, ஒரு கால் இறங்கும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். பதினாறு வயதில் என் இடது கணுக்கால் பிசகியது அப்படி ஒரு வெடிப்பில்தான். எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டுக்கொண்டு பத்தே நாளில் மறுபடி ஓடினேன். அந்த அவசரத்துக்கு இருபத்தாறு வயது வரை விலை கொடுத்தேன். ஆகவே பள்ளி மைதானமோ மாவட்ட விளையாட்டரங்கமோ எட்டுகிற தொலைவில் இருந்தால் சைக்கிளில் போயாவது அங்கே ஆடுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படும் வரையிலான இடைவெளியில் ஆற்று மணல் காய்ந்திருந்தால், வாரத்தில் இரண்டு நாள் அதில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி. பந்து வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் மணலில் உருளாத பந்தோடு பழகிய கால் கெட்டித் தரையில் எப்போதும் அரை விநாடி தாமதிக்கும்.

சென்னையில் நான் கலந்துகொண்ட முதல் தேர்வு முகாமில், ஊர்ப் போட்டிகளில் கைதட்டல் வாங்கித் தந்த அத்தனை வித்தைகளையும் காட்டினேன். இரண்டு பேரை ஏமாற்றிக் கடந்து, மூன்றாமவரிடம் பந்தை இழந்தேன். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னை அழைத்து, "தம்பி, அந்தப் பந்து உன்கிட்ட வரும்போது உனக்குப் பின்னாடி யாரு நின்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் வேறெதுவும் கேட்கவில்லை, பட்டியலில் என் பெயரும் வரவில்லை. ஒரு முழு ஆட்டத்தில் நம் காலில் பந்து இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டுவது அரிது என்பதும், மீதி நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதைத்தான் தேர்வாளர்கள் கவனிக்கிறார்கள் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

இந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ள ஒரு சுவரும் ஒரு தம்பியோ தங்கையோ போதும். சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று பந்தைச் சுவரில் உதையுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவர் கையில் சில விரல்களைக் காட்டட்டும். பந்து திரும்பி வருவதற்குள் தோளுக்கு மேல் பார்த்து, விரல் எத்தனை என்று உரக்கச் சொல்லிவிட்டு, பிறகு பந்தை நிறுத்த வேண்டும். எண் ஒற்றைப்படையானால் இடது பக்கமும் இரட்டைப்படையானால் வலது பக்கமும் முதல் தொடுதலிலேயே பந்தைத் திருப்புங்கள். முதல் வாரம் பந்து முழங்காலில் படும், அல்லது எண் தப்பும், தங்கை சிரிப்பாள். வலது காலால் ஐம்பது முறை, இடது காலால் நூறு முறை என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் திரும்பிப் பார்ப்பது மூச்சு விடுவதுபோல் ஆகிவிடும். வயதுக்கேற்ற பந்தையே வாங்குங்கள். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் லேசான பந்து முதல் தொடுதலைக் கெடுத்துவிடும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: பந்தை எங்கே இழந்தேன், அதற்கு முன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் எதை மட்டும் திருத்தப்போகிறேன். மூன்று கிளப்புகளில் ஆறு பயிற்சியாளர்களிடம் ஆடினேன். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றுவார், ஆனால் அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வந்த குறை, அதாவது என் முதுகுக்குப் பின்னால் ஓடும் விங் ஆட்டக்காரரைத் (ஓரமாக ஓடித் தாக்குபவர்) தவறவிடுவது, யார் வந்தாலும் மாறாமல் என்னுடனேயே இருந்தது.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வகுத்த "11+" என்ற சுமார் 20 நிமிட வார்ம்-அப்பை விடாமல் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. அதில் வரும் தொடைப் பின்தசைப் பயிற்சியை மட்டும் ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்: மண்டியிட்டு, நண்பர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடுபவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரை உப்புடன் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நீராகாரத்தைப் பழையது என்று யாரும் இகழ வேண்டியதில்லை.

தேர்வு முகாமுக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தின நாளே சென்னை சேர்ந்துவிடுங்கள். மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ இரவெல்லாம் உட்கார்ந்து வந்து, காலையிலேயே மைதானத்தில் இறங்கிய கால்கள் பத்தாவது நிமிடத்தில் மரத்துப்போவதை நான் அனுபவித்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழின் மூலத்தை எடுத்துச் செல்லுங்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவர் உங்களுக்கு வேண்டியவரானாலும் மறுத்துவிடுங்கள், ஏனென்றால் இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து வயதைச் சோதிக்கிறார்கள்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. பெரிய அணியின் வெளி இருக்கையில் உட்காருவதைவிடச் சிறிய அணியில் தொண்ணூறு நிமிடம் ஆடுவது, குறைந்தது இருபத்து மூன்று வயது வரை, மேலானது. சென்னை சிட்டி அணி தேசிய அளவிலான கிளப் தொடரான ஐ-லீக்கில் 2018-19 பட்டத்தை வென்றபோது அதில் தொடர்ந்து ஆடிய எட்வின் வான்ஸ்பால், அடுத்ததாக இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) என்ற பெரிய தொடரில் ஆடும் 'சென்னையின் எஃப்.சி.' அணிக்குப் போனார். அந்த ஆட்டங்களே அவருக்குச் சிபாரிசுக் கடிதமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். ஃபிஃபா விதிப்படி பதினெட்டு வயது நிரம்பாதவரை மூன்று ஆண்டுகளுக்கு மேலும், மற்றவர்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் பொதுவாகக் கட்டிவைக்க முடியாது. முகவருடன் செய்யும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஒரு கிளப்பில் எனக்கு மூன்று மாதச் சம்பளம் வராதபோது, கேட்டால் அடுத்த பருவம் எடுக்கமாட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி உண்டு என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடரே நிறுத்திவைக்கப்பட்டபோது, நல்ல நிலையில் இருந்த ஆட்டக்காரர்கள்கூட அடுத்த மாதத்தை நினைத்துக் கலங்கினார்கள். அதனால் படிப்பை விட்டுவிட்டு ஆட வராதீர்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய காலத்திலேயே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருந்தவர். மாநில அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு போட்டியின் சான்றிதழும் தேவைப்படும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வீட்டு ஓடுகளைப் பெயர்த்த இரவில், பரணில் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த என் சான்றிதழ்கள் ஊறிப்போய், முத்திரைகள் நீல மையாகக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபிரதி வாங்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறு ஊரில் உறவினர் வீட்டில் வையுங்கள், படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.