மாதச் சம்பளமும் ஒகேனக்கல் பரிசலும்: இரண்டையும் நடத்துவது எப்படி?

ஓசூரில் ஆலை வேலை, ஒகேனக்கல்லில் குடும்பப் பரிசல் என்று இரண்டையும் வைத்திருப்பவர், முதலில் தம் பணி நியமன ஆணையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். வேறு வருமானம் தரும் வேலை கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். “தாராளமாகச் செய்யுங்கள்” என்று வாய்ச்சொல்லாகச் சொன்ன மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டால் அதைக் காட்டிப் பேச முடியாது. அரசு ஊழியருக்கோ 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும் என்பதால், முன் அனுமதி வரும்வரை துடுப்பைத் தொட வேண்டாம்.

விடுப்பைப் பிரிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் குவியும் என்று நம்பி, கையிலிருந்த நான்கு நாள் விடுப்பையும் ஆகஸ்டு முதல் வாரத்தில் போட்டுவிட்டு, மாமரத்துக் கடவு பரிசல் துறையில் கவிழ்த்து வைத்த பரிசலின் அருகே உட்கார்ந்து காவிரியில் செந்நிற வெள்ளம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து ஏறியவுடன் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்துவிடும். மேட்டூர் அணை 120 அடியை எட்டிய 2024 ஜூலையிலும் அப்படித்தான் நடந்தது. ஆகவே, 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சேரும் விடுப்பின் பெரும்பகுதியை, பள்ளி விடுமுறையும் அமைதியான நீரோட்டமும் ஒன்றாக வரும் ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒதுக்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முன்கூட்டியே விண்ணப்பிக்காமல், காலையில் வரும் நீர்வரத்தின் கன அடிக் கணக்கைப் பார்த்து, வார விடுமுறையோடு ஒரு நாளை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். அந்த ஒரு நாளுக்கு ஷிப்ட் மாற்றித் தரும் நண்பருக்காகத் தீபாவளியன்று நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

இரவு ஷிப்ட் முடித்த கையோடு, யானை நடமாடும் அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து பரிசலில் ஆள் ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. முன்னால் துடுப்பைப் போட்டுத் தன் பக்கம் இழுக்கும் இழுப்பு ஒன்று பிந்தினாலும் அது சுழன்று பாறைப் பக்கம் திரும்பிவிடும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு அது நேரத்தில் தெரியாது. நன்றாகத் தூங்கி எழுந்து, பரிசலைக் கவிழ்த்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தார் பெயர்ந்து, உள்ளே மூங்கில் பத்தை ஈரமாகத் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம். அன்றாடம் ஓட்டுபவரின் பரிசலைவிட, மாதக்கணக்கில் வெயிலில் சும்மா கிடக்கும் நம் பரிசலில் இந்தக் கோளாறை அதிகம் எதிர்பார்க்கலாம்.

பரிசல் பணத்தைச் சம்பளக் கணக்கில் கலக்காமல் தனியாக வைத்து, அதை நம்பி வண்டித் தவணை எதுவும் எடுக்காமல் இருங்கள். வருமான வரிக் கணக்கில் அதையும் காட்ட வேண்டும். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால், சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது என்பதை ஆடிட்டரிடம் போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.