பின்தங்கிய வேட்பாளர் விலக வேண்டுமா? பிரைமரி போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அமெரிக்காவில், கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தல்கள் வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும்: "தோற்கப் போவது தெரிந்துவிட்டதே, இவர் ஏன் இன்னும் விலகவில்லை?" 2008-ல் ஹிலாரி கிளின்டனைப் பார்த்துக் கேட்டார்கள். 2016-ல் பெர்னி சாண்டர்ஸை, 2024-ல் நிக்கி ஹேலியை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை தேடும்போது வேட்பாளர்களும் அவர்களின் ஆதரவாளர்களும், வெளியே இருந்து பார்க்கிற நாமும் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

2008-ல் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் கிளின்டனும் மோதியதை நான் மாதக்கணக்கில் விடாமல் பார்த்தேன். அங்கே செவ்வாய் இரவு எண்ணுவார்கள், இந்தியாவில் நமக்குப் புதன்கிழமை காலை. நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு போட்டியிலேயே நடந்தன. அதனால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

வென்ற மாநிலங்களை எண்ணுவது

இதுதான் பெரிய தவறு. பிரைமரியில் மக்கள் வாக்களித்தாலும், கடைசியில் வேட்பாளரை முடிவு செய்வது கட்சி மாநாட்டுக்குப் போகும் டெலிகேட்டுகள், அதாவது பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளை வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். 15 சதவீதத்தை எட்டியவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. ஜெயித்தவருக்கே முழு மாநிலமும் என்பது அங்கே கிடையாது.

2008 பிப்ரவரி 5, பல மாநிலங்கள் ஒன்றாக வாக்களித்த 'சூப்பர் செவ்வாய்' நாளைப் பாருங்கள். நியூ ஜெர்சி மக்கள்தொகை மிகுந்த மாநிலம். அங்கே கிளின்டன் வென்றார். டெலிகேட் கணக்கு 59-48. அவருக்கு 11 கூடுதல். அதே நாளில் மக்கள்தொகை குறைந்த ஐடஹோவில் காகஸ் கூட்டங்கள் நடந்தன. காகஸ் என்றால் வாக்குச்சாவடிக்குப் பதிலாகக் கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் ஆதரவைத் தெரிவிக்கும் முறை. அங்கே ஒபாமா 15-3 என்று அள்ளிக்கொண்டார். அவருக்கு 12 கூடுதல். நியூ ஜெர்சியில் கிளின்டனுக்குக் கிடைத்ததெல்லாம் ஐடஹோவிலேயே கரைந்துபோனது. சிறிய காகஸ் மாநிலங்களிலும் ஆள் போட்டு வேலை பார்த்ததுதான் ஒபாமா அணியின் கெட்டிக்காரத்தனம். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு பிப்ரவரியில் அவர் தொடர்ச்சியாக 11 போட்டிகளில் வென்றார்.

அப்புறம் கிளின்டன் மீண்டு எழுந்தார். மார்ச் 4-ல் ஒஹையோவையும் டெக்சஸ் பிரைமரியையும் வென்றார். ஆனால் டெக்சஸில் பிரைமரி முடிந்த அன்று மாலையே காகஸும் நடந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அந்த மாநிலத்தில் ஒபாமாவுக்கே அதிக டெலிகேட்டுகள். ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியாவை 9 புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் கிளின்டன் வென்றார். கிடைத்தது 85-73, அதாவது 12 மட்டும் கூடுதல். நூற்றுக்கும் மேற்பட்ட டெலிகேட்டுகள் பின்தங்கியிருந்தவருக்கு அது எப்படிப் போதும்? வென்றுகொண்டே இருந்தார், ஆனாலும் நெருங்க முடியவில்லை. விகிதாசார முறையில் முன்னணியில் இருப்பவரைப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

குடியரசுக் கட்சியின் விதிகள் வேறு. 2016 பிப்ரவரியில் தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது ஏறக்குறைய 32 சதவீத வாக்குகள். அவரை எதிர்த்து நின்ற ரூபியோவும் க்ரூஸும் ஆளுக்கு 22 சதவீதம் வாங்கினார்கள். அந்த மாநிலத்தின் 50 டெலிகேட்டுகளும் டிரம்புக்கே போயின. அப்படிப்பட்ட விதியில், முதலிடத்தில் இருப்பவரை எதிர்க்கிற பலர் ஒன்றாக நின்றால் ஒருவருக்கொருவர் குழிபறித்துக்கொள்கிறார்கள் என்றுதான் பொருள். ஆகவே கட்சியின் டெலிகேட் விதியைப் பார்க்காமல் 'விலகு' என்றோ 'விலகாதே' என்றோ சொல்வதில் பயனில்லை.

கணக்கில் இன்னொரு சறுக்கலும் உண்டு. டெலிகேட் எண்ணிக்கை சாதகமாக இல்லை என்றானதும் அளவுகோலையே மாற்றிவிடுவது. மொத்த மக்கள் வாக்கில் தானே முன்னணி என்று கிளின்டன் அணி சொன்னது. அந்தக் கூட்டலில் மிச்சிகனும் இருந்தது. கட்சி விதியை மீறித் தேர்தல் தேதியை முன்னால் நகர்த்தியதால் மிச்சிகனும் புளோரிடாவும் தண்டிக்கப்பட்டிருந்தன. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. எதிரியின் பெயர் இல்லாத இடத்தில் விழுந்த வாக்கைக் காட்டி முன்னணி என்று சொன்னால், நடுநிலையாகப் பார்ப்பவர்களின் நம்பிக்கைதான் போகும். மே 31-ல் கட்சியின் விதிக்குழு அந்த இரண்டு மாநில டெலிகேட்டுகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு என்று முடிவு செய்தது.

நேரம் வருவதற்கு முன்பே விலகச் சொல்வது

இது வெளியே இருப்பவர்கள் செய்கிற தவறு. 2008 மார்ச் கடைசியில், ஒபாமாவின் ஆதரவாளரான வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி, கிளின்டன் விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது இன்னும் 10 போட்டிகள் பாக்கி. அந்தப் பத்தில் ஆறைக் கிளின்டன் வென்றார். மேற்கு வர்ஜீனியாவில் 41 புள்ளி வித்தியாசம். இத்தனை பேர் வாக்களிக்க விரும்பிய ஒருவரை, அவர்களின் முறை வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போகச் சொல்வது எந்த வகையில் சரி? அவர் விரும்பும்வரை போட்டியிடலாம் என்று அப்போதே ஒபாமா சொன்னார். அதை அவருடைய பெருந்தன்மை என்பதை விட, தெளிவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீண்ட போட்டி கட்சியை அழித்துவிடும் என்று அன்று எத்தனை பேர் அஞ்சினார்கள்! மே மாதம் வருவதற்குள் வேட்பாளர் முடிவாகிவிடுவதுதான் வழக்கம் என்பதால், இண்டியானா, வட கரோலினா போன்ற மாநிலங்களின் பிரைமரியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 2008-ல் இரண்டு அணிகளும் அங்கே போய் ஊர் ஊராக வாக்காளர்களைப் பதிவு செய்தன, அலுவலகங்கள் திறந்தன. நவம்பரில் ஒபாமா இண்டியானாவைச் சுமார் 28,000 வாக்குகளிலும் வட கரோலினாவைச் சுமார் 14,000 வாக்குகளிலும் வென்றார். இண்டியானா 1964-க்குப் பிறகும், வட கரோலினா 1976-க்குப் பிறகும் ஜனநாயகக் கட்சிக்கு வந்ததே இல்லை. பிரைமரி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரச் சரிவும் இருந்தது. ஆனால் அவ்வளவு குறைந்த வித்தியாசத்தில், மே மாதத்தில் போட்ட அந்த அடித்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

1976-ல் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து நின்று நியூ ஹாம்ப்ஷயர், புளோரிடா, இல்லினாய் என்று வரிசையாகத் தோற்றார். கடன் ஏறியது. விலகச் சொல்லிக் கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. மார்ச் 23-ல் வட கரோலினாவை வென்றார். மாநாடுவரை போய் 1,187-க்கு 1,070 என்ற கணக்கில் தோற்றார். அடுத்த முறை அவர்தான் வேட்பாளர், அவர்தான் அதிபர்.

எதற்காக நிற்கிறோம் என்று சொல்ல முடியாமல் நிற்பது

"ஏதாவது நடக்கலாம்" என்பது காரணமே இல்லை. 2008 மே மாதம், ஏன் தொடர்கிறீர்கள் என்று கேட்டபோது, போட்டிகள் முன்பும் ஜூன்வரை போயிருக்கின்றன என்று காட்ட, 1968 ஜூனில் பிரைமரி வேட்பாளரான ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதைக் கிளின்டன் குறிப்பிட்டார். கொலை மிரட்டலுக்கு நடுவே பிரசாரம் செய்துகொண்டிருந்த கறுப்பின வேட்பாளர் எதிரில் நிற்கும்போது அது எப்படி ஒலித்திருக்கும்! அன்றே வருத்தம் தெரிவித்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் வெல்லும் வழியைச் சொல்ல முடியாதவர், முன்னால் இருப்பவர் தடுக்கி விழக் காத்திருப்பவராகத்தான் தெரிவார்.

1980-ல், சொந்தக் கட்சியின் அதிபர் கார்ட்டரை எதிர்த்து நின்ற டெட் கென்னடிக்கு இன்னும் மோசமாக முடிந்தது. கார்ட்டருக்குப் போதுமான டெலிகேட்டுகள் சேர்ந்த பிறகும் மாநாடுவரை போனார். வாக்களித்த மக்களின் விருப்பத்துக்கு டெலிகேட்டுகள் கட்டுப்பட வேண்டியதில்லை என்று விதியை மாற்ற முயன்று தோற்றார். நவம்பரில் கார்ட்டர் 44 மாநிலங்களை இழந்தார். ஈரானில் அமெரிக்கர்கள் பணயக்கைதிகளாக இருந்ததும் விலைவாசியும் கார்ட்டரை ஏற்கெனவே சாய்த்திருந்தன என்பதால் முழுப்பழியையும் கென்னடி மேல் போடுவது அநியாயம். ஆனால் அந்த மாநாடு எதையும் ஒட்டவைக்கவில்லை.

இதற்கு மாறாக 2020-ல் சாண்டர்ஸ் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. கொரோனா காலத்தில், ஏப்ரல் 8 அன்று, வெல்ல வழியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிப் பிரசாரத்தை நிறுத்தினார். ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் இருக்கட்டும், சேரும் டெலிகேட்டுகளை வைத்துக் கட்சியின் கொள்கை அறிக்கையில் செல்வாக்கு செலுத்துவேன் என்றும் சொன்னார். ஐந்தே நாளில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். 2016-ல் கடைசிப் பிரைமரி முடிந்தும் கிளின்டனுக்கு ஆதரவு தெரிவிக்க ஏறக்குறைய நான்கு வாரம் எடுத்துக்கொண்டவர் இவர்தான்.

சொந்தக் கட்சிக்காரரை எதிர்க்கட்சியின் வாயில் போட்டுக் கொடுப்பது

நிற்பதை விட, நிற்கும்போது பேசுவதுதான் அதிகக் கேடு செய்யும். மெக்கெய்னுக்கு அனுபவம் உண்டு, தனக்கும் உண்டு, ஒபாமாவிடம் இருப்பது 2002-ல் ஈராக் போரை எதிர்த்துப் பேசிய ஒரு பேச்சு என்ற பொருளில் 2008 மார்ச்சில் கிளின்டன் பேசினார். மெக்கெய்ன் எதிர்க்கட்சியின் வேட்பாளர்! ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்த நேரத்தில், கிளின்டன் ஒபாமாவைப் பற்றிச் சொன்னவற்றை எடுத்து மெக்கெய்ன் அணி விளம்பரமாகவே ஓடவிட்டது. கொள்கையில் மோதலாம், மருத்துவக் காப்பீட்டைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடலாம். ஆனால் 'இவர் பதவிக்கே தகுதியில்லை' என்று சொன்ன வாயால் நவம்பரில் வாக்குக் கேட்பது மிகவும் கஷ்டம். முன்னணியில் இருப்பவரை எட்ட முடியாது என்று கணக்கு காட்டத் தொடங்கிய நாளிலிருந்தாவது அந்த மாதிரிப் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

பணத்தைப் பார்க்காமல் விடுவது

கிளின்டன் தன் சொந்தப் பணத்திலிருந்து 1 கோடி டாலருக்கும் மேல் பிரசாரத்துக்குக் கடன் கொடுத்தார். போட்டி முடிந்தபோது மொத்தக் கடன் 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அது முழுவதும் தீர நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது. பெரிய வேட்பாளர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். மேடை போட்டவருக்கும் நோட்டீஸ் அடித்தவருக்கும் பாக்கி வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாநிலம் என்று ஓடுவதுதான் மனதை உறுத்துகிறது.

பணம் தீர்ந்ததும் துணிந்து இறங்கியவரும் உண்டு. கமலா ஹாரிஸ் 2019 டிசம்பர் 3-ல், ஒரு வாக்கு கூடப் பதிவாகும் முன்பே, நிதி இல்லை என்று சொல்லி விலகினார். அடுத்த ஆகஸ்டில் பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கினார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் நவம்பர் தேர்தல் வெற்றிக்குப் பட்டாசு வெடித்தார்கள்.

விலகினால் வாக்கும் கூடவே வரும் என்று நம்புவது

குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற ஹேலி 2024-ல் வாஷிங்டன் டி.சி., வெர்மான்ட் இரண்டை மட்டும் வென்று மார்ச் 6-ல் விலகினார். இரண்டு மாதம் கழித்து இண்டியானாவில் அவருக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. களத்திலேயே இல்லாத ஒருவருக்கு! வேட்பாளர் விலகிவிட்டார் என்பதற்காக ஆதரவாளர்களின் மனத்தாங்கல் தீர்ந்துவிடுவதில்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், விலகியவரே முன்னால் நின்று பேச வேண்டும்.

இதில் கிளின்டன் ஒரு தடவை சறுக்கி, பிறகு நன்றாகவே செய்தார். ஜூன் 3 இரவு ஒபாமா தேவையான டெலிகேட்டுகளைத் தொட்டுவிட்டார். அன்று நியூயார்க்கில் பேசிய கிளின்டன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்து வாஷிங்டனில், தனக்கு விழுந்த 1 கோடியே 80 லட்சம் வாக்குகளும் பெண்களைத் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் விழுந்த விரிசல்கள் என்று சொல்லி, ஒபாமாவுக்கு முழு ஆதரவு கொடுத்தார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்போம் என்று முன்மொழிந்ததும் அவர்தான்.

இருவரும் சேர்ந்து நடத்திய முதல் பொதுக்கூட்டம் ஜூன் 27-ல், நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் நடந்தது. யூனிட்டி என்றால் ஒற்றுமை. ஜனவரி பிரைமரியில் அந்த ஊர்க்காரர்கள் ஒபாமாவுக்கு 107 வாக்குகள் போட்டிருந்தார்கள். கிளின்டனுக்கும் சரியாக 107.