டேலியில் பேக்கப் ரெஸ்டோர் ஆகாவிட்டால் என்ன செய்வது?

கணக்கு மென்பொருளான டேலி பிரைமில் பேக்கப் (காப்பு நகல்) ரெஸ்டோர் ஆகவில்லை, அதாவது அதிலிருந்து கணக்கு மீளவில்லை என்றதும் பதற்றத்தில் செய்யும் காரியங்களே, மிஞ்சியிருக்கும் கணக்கையும் பல நேரம் அழித்துவிடுகின்றன. ரெஸ்டோர் திரையில் சேருமிடமாகத் தானாக வந்து நிற்பது பெரும்பாலும் நாம் அன்றாடம் பயன்படுத்தும் டேட்டா ஃபோல்டர்தான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் டேலி ஓர் எண் கொடுக்கும்; அங்கே அதே எண்ணுள்ள நிறுவனம் ஏற்கெனவே இருக்கும்போது அதன் மேல் எழுதச் சம்மதித்துவிட்டால், பேக்கப் எடுத்த நாளுக்குப் பிறகு பதிந்த வவுச்சர்கள் (பரிவர்த்தனைப் பதிவுகள்) அனைத்தும் போய்விடும். ஆகவே கோளாறு எதுவாக இருந்தாலும், முதலில் எல்லாக் கணினிகளிலும் டேலியை மூடிவிட்டு, நிறுவனத்தின் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரை (10000, 100001 போன்றது) முழுமையாக வேறொரு டிரைவில் நகலெடுத்து வையுங்கள். தரவு பழுதாகியிருந்தாலும் இந்த நகல் அவசியம்.

அடுத்து, டி டிரைவில் காலியான புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். ஆல்ட், ஒய் விசைகளை அழுத்தி ரெஸ்டோர் திரைக்குச் சென்று, அந்தக் காலி ஃபோல்டரையே சேருமிடமாகக் கொடுங்கள். பேக்கப் கோப்பைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ரெஸ்டோர் செய்யாமல், முதலில் கணினிக்குள் நகலெடுத்துக்கொள்வது நல்லது.

கோப்பு இருந்தும் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை என்றால், கோப்பின் பெயரைப் பாருங்கள். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த கோப்பை இரண்டு முறை பதிவிறக்கினால், டிபிகே900.001 (TBK900.001) என்பது போல இருக்க வேண்டிய பெயரில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் சேர்ந்துவிடும். அப்படி மாறிய பெயரை டேலி அடையாளம் காணாமல் போகலாம். தனி ஃபோல்டரில் வைத்துப் பழைய பெயரையே மீண்டும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோப்பின் அளவு சுழியமாகவோ, முந்தைய பேக்கப்பைவிட மிகக் குறைவாகவோ இருந்தால் அது பாதியில் நின்றுபோன நகலாக இருக்கலாம். அதனோடு போராடாமல் அதற்கு முந்தைய பேக்கப்பைத் தேடுங்கள்.

எழுத அனுமதி இல்லை என்ற வகையில் பிழை வந்தால், காரணம் பெரும்பாலும் விண்டோஸ்தான். சி டிரைவின் புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற இடங்களில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. ஆன்டிவைரஸும் சில நேரம் தடுக்கும். அதை முழுவதுமாக அணைப்பதைவிட, டேலிக்கு மட்டும் விலக்கு அளிப்பதே பாதுகாப்பானது. டேலியின் புதிய வெளியீட்டில் (ரிலீஸ்) எடுத்த பேக்கப் பழைய வெளியீட்டில் திறக்காமல் போகலாம். டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9 தரவைப் புதிய பிரைமுக்குக் கொண்டுவரும்போது மைக்ரேட் செய்ய (புதிய வடிவத்துக்கு மாற்ற) வேண்டியிருக்கும். நிறுவனத் தரவைப் பூட்டிவைக்கும் வசதியான டேலிவால்ட்டின் கடவுச்சொல் மறந்துபோனால் அதை மீட்க வழியே இல்லை என்பதால், அதை உரிமையாளரிடமும் எழுதிக் கொடுத்து வைப்பது கணக்காளரின் கடமை என்றே கருதுகிறேன்.

ரெஸ்டோர் முடிந்தும் நிறுவனத்தைத் திறக்கும்போது ‘மெமரி ஆக்சஸ் வயலேஷன்’ என்ற பிழை வருமானால், தரவுக்குள்ளேயே பழுது இருக்கலாம். யுபிஎஸ் இல்லாத கணினியில் வவுச்சர் சேமிக்கும் நொடியில் மின்சாரம் போவதும், டேட்டா ஃபோல்டரை ஒன்டிரைவ் போன்ற சேவை ஒத்திசைத்துக்கொண்டே இருப்பதும் இதற்கு வழக்கமான காரணங்கள். இதற்கு ரிப்பேர் வசதி உண்டு, ஆனால் அது சரிசெய்ய முடியாத பதிவுகளை நீக்கிவிடக்கூடும். எனவே அதை நகலின் மீது மட்டுமே இயக்குங்கள்.

நிறுவனம் திறந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிக்கையில் வவுச்சர்களின் எண்ணிக்கையையும், டே புக்கில் கடைசிப் பதிவின் தேதியையும், டிரயல் பேலன்ஸையும், தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரங்களோடும் அச்சிட்ட அறிக்கைகளோடும் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையைக் கோளாறு வரும்வரை தள்ளிப்போடாமல் மாதம் ஒரு முறை செய்வதே முறை. ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள், 2022 ஆகஸ்ட் விதித் திருத்தத்தின்படி, இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் பேக்கப் வைக்க வேண்டும். ஆகவே ஒரே கோப்பின் மேல் தினமும் எழுதாமல் தேதிவாரியாகத் தனி ஃபோல்டர்களில் வைத்து, எந்த வெளியீட்டில் எடுத்தது என்பதையும் ஃபோல்டரின் பெயரிலேயே குறித்துவிடுங்கள்.