4டி, டோட்டோ, கேசினோ: பந்தயக் கணக்கை எழுதி வைத்துப் படிப்பது எப்படி?

போன வருஷம் 4டிக்கு (சிங்கப்பூரின் நான்கு இலக்க நம்பர் லாட்டரி) எவ்வளவு செலவழித்தீர்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். செலவைச் சொல்ல மாட்டார்கள், அடித்த பரிசைத்தான் சொல்வார்கள். "தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்டார்ட்டரில் 250 வெள்ளி வந்தது" என்பது (ஸ்டார்ட்டர் ஒரு சிறிய பரிசு, வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) நம்பரோடு நினைவில் நிற்கும், அதற்கு முன்னும் பின்னும் போன வெள்ளி நிற்காது. அதனால்தான் எழுதி வையுங்கள் என்கிறேன். பந்தயம் கட்டச் சொல்லித் தரும் பதிவு இல்லை இது, ஏற்கெனவே கட்டுகிறவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்க ஒரு வழி.

தொடங்கும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இணையம் வழியாக 4டி, டோட்டோ (ஆறு எண்களைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரி), விளையாட்டுப் பந்தயம் கட்டச் சட்டப்படி இருப்பது சிங்கப்பூர் பூல்ஸ் என்ற லாட்டரி நிறுவனத்தின் கணக்குதான், அதற்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆன்லைன் கேசினோ எதற்கும் இங்கே உரிமம் இல்லை. 2022இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத இடத்தில் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வாட்ஸ்அப்பில் யாராவது லிங்க் அனுப்பி "இதில் போன ஆட்டங்களின் ரிசல்ட் எல்லாம் காட்டும், பார்த்து ஆடலாம்" என்றால் தொடவே தொடாதீர்கள்.

படி 1: ஷீட்டைத் திறங்கள்

கூகள் ஷீட்ஸ் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு வரி. எழுத வேண்டியவை: குலுக்கல் தேதி, ஆட்டம், நம்பர், பந்தய வகை, கட்டிய தொகை, திரும்ப வந்த தொகை, கட்டிய நேரம். சீட்டைக் கடையில் வாங்குகிறவராக இருந்தால் "பரிசை வாங்கியாச்சா" என்று இன்னொரு கட்டமும் வேண்டும், ஏனென்றால் குலுக்கல் நாளிலிருந்து 180 நாளுக்குள் வாங்காவிட்டால் பரிசு போய்விடும். சீட்டு வெப்பத்தாளில் அச்சாவது, பர்ஸில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும், வாங்கின உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தய வகையை ஏன் தனியாக எழுத வேண்டும்? 4டியில் பிக் என்றால் எல்லாப் பரிசுக்கும் சேர்த்துக் கட்டுவது, ஸ்மால் என்றால் முதல் மூன்று பரிசுக்கு மட்டும். ஒரே நம்பருக்கு ஒரு வெள்ளி பிக் கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, ஸ்மால் கட்டினால் 3,000. ஆனால் நான்கு இலக்கமும் வேறு வேறாக உள்ள ஒரு நம்பருக்கு ஐபெட்டில் (இலக்கங்கள் எந்த வரிசையில் வந்தாலும் பரிசு) அதே ஒரு வெள்ளியைக் கட்டினால், அது 24 விதமாகப் பிரிந்து, பிக் முதல் பரிசு சுமார் 83 வெள்ளிதான். டோட்டோவும் அப்படித்தான்: சாதாரண சீட்டு 1 வெள்ளி, சிஸ்டம் 7 (ஆறுக்குப் பதில் ஏழு எண்) என்றால் 7 வெள்ளி, சிஸ்டம் 12 என்றால் 924 வெள்ளி. வகையை எழுதாமல் "டோட்டோ" என்று மட்டும் எழுதினால் மாதக் கடைசியில் உங்களுக்கே ஒன்றும் புரியாது.

படி 2: கட்டியதும் வந்ததும் தனித்தனியாக

இதில்தான் கணக்கு அதிகம் குழம்பும். பூல்ஸ் கணக்கில் பரிசுப் பணம் அதுவாக வந்து சேர்ந்துவிடும், அந்தப் பணத்திலிருந்தே அடுத்த பந்தயம் போகும், அப்புறம் மீதியை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் 40 வெள்ளி இருக்கிறதே, பரவாயில்லை" என்று தோன்றும். மீதியை எழுதவே எழுதாதீர்கள். பரிசுப் பணத்தில் கட்டினாலும் அது கட்டிய தொகைதான். வங்கியிலிருந்து பணம் போட்டதை இன்னொரு பக்கத்தில் குறித்து, பேநவ் (வங்கிப் பணப் பரிமாற்றம்) பட்டியலோடு மாதம் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

பரிசு வராத நாளுக்கும் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் அது மறந்ததா விழாததா என்று பிறகு தெரியாது. அப்புறம், "ஒரு இலக்கத்தில் தப்பிவிட்டது" என்று ஒரு கட்டம் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். 4821 கட்டி 4827 வந்தால் வந்த பணம் 0, அவ்வளவுதான்.

படி 3: பழைய முடிவுகளை எப்படிப் படிப்பது

காப்பிக் கடையில் பழைய 4டி முடிவுகளை நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கும் அங்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடி பிளாக் நம்பர், விபத்தில் சிக்கிய கார் நம்பர், கனவில் வந்த நம்பர், இவற்றோடு "ரொம்ப நாளாக வராத நம்பர்" என்று ஒரு பட்டியலும் இருக்கும். வராதது சீக்கிரம் வந்தே தீரும் என்ற நம்பிக்கையில்தான் அது எழுதப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குலுக்கலில் 10,000 நம்பர்களில் 23 நம்பருக்குப் பரிசு: முதல் மூன்று, பத்து ஸ்டார்ட்டர், பத்து கன்சொலேஷன். புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல், ஆக வருஷத்துக்குச் சுமார் 156. குறிப்பிட்ட ஒரு நம்பர் சராசரியாக 435 குலுக்கலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 2 வருஷம் 9 மாதத்துக்கு ஒருமுறை வரும். இது சராசரிதான், தவணை முறை இல்லை. எந்த மூன்று வருஷத்தை எடுத்தாலும் சுமார் 3,400 நம்பர்கள் ஒருமுறைகூட வந்திருக்காது. ஆகவே மூன்று வருஷமாக வராத நம்பர் ஒன்றை அங்கிள் கண்டுபிடித்தார் என்றால், அதே மாதிரி இன்னும் மூவாயிரத்துக்கு மேல் இருக்கிறது. அடுத்த புதன்கிழமை அதற்கும் மற்ற நம்பர்களுக்கும் ஒரே வாய்ப்பு. உருளும் பந்துக்குப் போன வாரம் என்ன வந்தது என்று தெரியாது.

கேசினோக்களில் ரூலெட் மேசைக்கு மேலே கடைசியாக வந்த எண்களைத் திரையில் ஓடவிடுவதும், பக்காரா சீட்டாட்டத்தில் "பேங்க்கர், ப்ளேயர்" வரிசையைச் சிவப்பும் நீலமுமாகக் காட்டுவதும், இணைய ஆட்டங்களில் "ஹிஸ்டரி" என்று ஒரு பட்டன் இருப்பதும் இதே கதைதான். அதில் ஆளுக்கு ஒரு மாதிரி தென்படும், தென்பட்டதும் கட்டத் தோன்றும், கேசினோவுக்கு வேண்டியதும் அதுதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மோண்டி கார்லோ கேசினோவில் ரூலெட்டில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. இனிச் சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் அதிகமாகக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

அப்படியென்றால் பழைய முடிவுகள் எதற்குமே உதவாதா? உங்கள் சீட்டைச் சரிபார்க்க உதவும். பரிசு விகிதத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். அடுத்த நம்பரைச் சொல்ல உதவாது.

படி 4: மாதம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்

ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிறகு பார்க்க வேண்டாம், சம்பள நாளுக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியது மொத்தம், வந்தது மொத்தம், வந்ததைக் கட்டியதால் வகுத்தால் வரும் விகிதம், இந்த மூன்றும் போதும்.

அந்த விகிதத்தை எதோடு ஒப்பிடுவது? 10,000 நம்பர்களுக்கும் தலா ஒரு வெள்ளி பிக் கட்டினால் செலவு 10,000. எல்லாப் பரிசும் சேர்ந்து 2,000 + 1,000 + 490 + 2,500 + 600, மொத்தம் 6,590. ஆக ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 66 காசு. ஸ்மால் என்றால் 58 காசு. டோட்டோவில் விற்பனையில் 54 விழுக்காடு பரிசுக்குப் போகிறது.

வாரம் மூன்று குலுக்கலுக்கும் நான்கு நம்பர், தலா ஒரு வெள்ளி பிக் கட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 624 வெள்ளி. சராசரியாகத் திரும்புவது சுமார் 411, போவது 213. ஆனால் இப்படிக் கட்டுகிற நாலு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருஷம் முழுக்க ஒரு கன்சொலேஷன்கூட விழாது, அவருக்கு 624ம் போச்சு. இன்னொருவருக்கு இரண்டாம் பரிசு விழுந்து, தன் முறைதான் வேலை செய்தது என்று நினைப்பார். இரண்டு பேர் செய்ததும் ஒன்றேதான்.

விகிதத்தைவிட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது கட்டிய தொகை என்ற கட்டத்தைத்தான். மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். புதன் 4, சனி 4, ஞாயிறு 10, புதன் 12, சனி 30 என்று போகிறதா? விழாத நாளுக்கு அடுத்த வரியில் தொகை ஏறுகிறதா? கட்டிய நேரத்தையும் பாருங்கள்: குலுக்கல் மாலை 6.30க்கு, அதற்குக் கொஞ்சம் முன்னால் அவசர அவசரமாக இன்னொரு பந்தயம் சேர்ந்திருக்கிறதா? சம்பளம் வந்த வாரத்தில் மட்டும் வரிகள் கூடுகிறதா? விட்டதைப் பிடிக்கப் போகிறீர்கள் என்பது பணப்பையில் தெரிவதற்கு முன்பே இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கே பூல்ஸ் கணக்கில் உங்கள் வரம்புகளைக் குறையுங்கள். குறைத்தும் கை நிற்கவில்லை என்றால், அல்லது சில பந்தயங்களை எழுதாமல் மறைக்கத் தோன்றினால், பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் 1800-6-668-668 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். கேசினோவுக்குள்ளும் பூல்ஸ் ஆன்லைன் கணக்கிலும் உங்களை அனுமதிக்க வேண்டாம் என்று நீங்களே விண்ணப்பித்துத் தடை வாங்கவும் முடியும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: கேசினோ போகிறவர்களுக்கு

மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா இரண்டுக்கும் ஒரே முறைதான். ஒவ்வொரு சுற்றையும் எழுத முடியாது, ஒரு வருகைக்கு ஒரு வரி எழுதுங்கள்: கொண்டுபோன பணம், இடையில் வெளியே போய் ஏடிஎம்மில் எடுத்தது இருந்தால் அதுவும், வெளியே வந்தபோது கையில் இருந்தது, இருந்த நேரம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டும் 150 வெள்ளி நுழைவுக் கட்டணத்தையும் டாக்சியையும் செலவில் சேருங்கள். மேசையில் 100 வெள்ளி ஜெயித்துவிட்டு வந்தவர், டாக்சியைச் சேர்க்காமலே, அந்த வரியில் −50 என்றுதான் எழுத வேண்டும்.

ஜனவரி பிறந்ததும் புதுப் பக்கம் திறங்கள், ஆனால் பழையதை அழிக்காதீர்கள். ஒரு வருஷக் கணக்கில் அதிர்ஷ்டம்தான் பெரிதாகத் தெரியும், வருஷங்கள் நிறையச் சேரச் சேரத்தான் அந்த 66 காசு பக்கம் விகிதம் மெல்ல நகரும். வீட்டில் கணவரோ மனைவியோ அந்த ஷீட்டைப் பார்க்க முடியும்படி ஷேர் செய்து வையுங்கள், திருத்தும் அனுமதி வேண்டாம், பார்க்கும் அனுமதி போதும்.