இடுப்பு மூட்டுக்கு ஸ்டெம் செல்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இடுப்பு மூட்டு வலிக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல்) பலன் தருமா?" என்று கேட்டால், பொறுப்பான மருத்துவர் உடனே பதில் சொல்ல மாட்டார். எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சை தேடிக் கிளம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

வலி இடுப்பு மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதே பலருக்குத் தெரிவதில்லை. புட்டத்தைத் தொட்டுக்காட்டி "இங்கேதான் வலி" என்பவர்களில் கணிசமானோருக்குக் கோளாறு முதுகுத்தண்டில் இருக்கும். மூட்டுக்குள் பிரச்சினை என்றால் பெரும்பாலும் தொடை இடுக்கில் வலிக்கும். சிலருக்குப் பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டியது போல முழங்காலில் மட்டுமே வலி தெரியும். அவர்கள் மாதக்கணக்கில் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருப்பார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினால் தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அரை நிமிடச் சோதனை. இதைக்கூடச் செய்யாமல் ஒருவர் ஊசி போட நாள் குறித்தால், எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது, எல்லாவற்றையும் "தேய்மானம்" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது. மூட்டுத் தேய்மானத்தில் பாதிக்கப்படுவது முதன்மையாகக் குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான படலம். அவாஸ்குலர் நெக்ரோசிஸில் நிலைமை வேறு: தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு ரத்தம் போவது தடைபட்டு, எலும்பே உயிரிழக்கிறது. நீண்டநாள் ஸ்டீராய்டு, மிதமிஞ்சிய குடி, தொடை எலும்புக் கழுத்து முறிவு, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். அந்தப் பந்து பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாமல் அமைந்த மூட்டு மூன்றாவது வகை. அங்கே கோளாறு வடிவத்தில் இருக்கிறது. எந்தச் செல்லும் அதைத் திருத்தாது.

இவற்றில் ஸ்டெம் செல்லுக்கு ஓரளவு நியாயமான இடம் இருப்பது அவாஸ்குலர் நெக்ரோசிஸில்தான், அதுவும் தொடக்கக் கட்டத்தில். இடுப்பெலும்பின் விளிம்பில் ஊசி செலுத்தி, ஸ்டெம் செல்கள் உள்ள எலும்பு மஜ்ஜையை எடுத்து, சுழற்றிச் செறிவாக்கி, இறந்த எலும்புப் பகுதிவரை துளையிட்டு அதன் வழியே செலுத்துகிறார்கள். மஜ்ஜையிலும் ஸ்டெம் செல்கள் மிக மிகக் குறைவு. ஒரே இடத்தில் ஒரேயடியாக உறிஞ்சினால் வருவது பெரும்பாலும் வெறும் ரத்தம். ஊசியின் திசையை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். செய்பவரின் கைப்பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

பிரான்ஸைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் பிலிப் எர்னிகூ 2002-இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். எலும்புத் தலை நசுங்குவதற்கு முன் சிகிச்சை பெற்ற 145 மூட்டுகளில் 9-க்குத்தான் பின்னர் மூட்டு மாற்று தேவைப்பட்டது. நசுங்கிய பிறகு சிகிச்சை பெற்ற 44 மூட்டுகளில் 25-க்குத் தேவைப்பட்டது. அதே மருத்துவர், அதே முறை. கட்டம் மட்டுமே வேறு. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நேரத்தின் அருமை புரியும். தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியும் என்பதால், "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தள்ளிப்போடுவது இந்த நோயில் பெருந்தவறு. ஸ்கேன் எடுக்கும்போது வலியில்லாத பக்கத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். அடிபடாமல் வரும் வகையில் இரு பக்கமும் பாதிக்கப்படுவது சகஜம்.

தேய்மானத்தில் நிலைமை இத்தனை நம்பிக்கை தருவதாக இல்லை. இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஆர். வெளியிட்ட 2019 வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது. 2023-இல் வெளியான பெரிய முழங்கால் ஆய்வு ஒன்றில், மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என மூன்று மூலங்களிலிருந்து எடுத்த செல்களும் ஓராண்டு முடிவில் சாதாரண ஸ்டீராய்டு ஊசியை விஞ்சவில்லை. "குருத்தெலும்பு புதிதாக முளைத்துவிடும்" என்று சொல்பவரிடம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களைக் காட்டச் சொல்லுங்கள். நோயாளிகள் பேசும் வீடியோக்களைத்தான் காட்டுவார்.

"தொப்புள்கொடி செல், இளமையான செல்" என்ற விளம்பரத்தில் மயங்குவது உடலுக்கே ஆபத்தானது. 2018-இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்துள்ள தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்புகள் ரத்த உற்பத்திக் கோளாறுகளுக்கானவை, மூட்டுக்கானவை அல்ல.

பி.ஆர்.பி. எனப்படும், நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணு ஊசியை ஸ்டெம் செல் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால், அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரே திரையோ இல்லாமல் குத்துமதிப்பாக ஊசி போட அனுமதிக்காதீர்கள். "அரசு இணையதளத்தில் பதிவான ஆய்வு" என்பதும் அங்கீகாரம் ஆகிவிடாது. பதிவேட்டில் பெயர் இருப்பது பதிவு மட்டுமே. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு நோயாளியிடமே முழுத்தொகை கேட்டால் சந்தேகப்படுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் காரியம் கெடும். துளையிட்ட எலும்பு ஆறுவதற்குள், வலி குறைந்துவிட்டதே என்று ஊன்றுகோலை மூலையில் சாத்திவிடுகிறார்கள்; பலவீனமான எலும்பு அப்போதுதான் முறியும். குடியைத் தொடர்ந்தால் மூல காரணம் அப்படியே நிற்கும். அதற்காக, வேறு நோய்க்கு எடுக்கும் ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

மூட்டு மாற்றுக்குப் பயந்தே பலர் ஸ்டெம் செல்லின் பக்கம் ஒதுங்குகிறார்கள். பயம் புரிகிறது, ஆனால் மிகையானது. இடுப்பு மாற்று மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு மதிப்பிட்டது. எலும்புத் தலை நசுங்கி, கால் குட்டையாகி, இரவில் தூக்கமும் கெட்ட ஒருவருக்கு ஊசி மேல் ஊசி போட்டு இரண்டு ஆண்டுகளைக் கடத்தினால், தொடைத் தசை மெலிந்து பிந்தைய அறுவை சிகிச்சையில் தேறுவதும் மெதுவாகும். முடிவெடுக்கும் முன், ஸ்டெம் செல் விற்காத ஓர் எலும்பு அறுவை மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டி, "இந்தக் கட்டத்தில் எலும்புத் தலையைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேளுங்கள்.