மறுநாள் நீர்த்துப்போகாத பனானா புட்டிங்

அமெரிக்கத் தென் மாநிலங்களின் பழைய பாணி பனானா புட்டிங்கில் வெனிலா வேஃபர் என்ற வட்டமான சிறு பிஸ்கட், வாழைப்பழத் துண்டு, கஸ்டர்ட் மூன்றையும் அடுக்கி, மேலே வெள்ளைக்கரு நுரையைப் பரப்பி ஓவனில் வைப்பார்கள். பாக்கெட் பொடி கலந்தும் செய்யலாம். எனக்கு அது பிடிப்பதில்லை.

தொல்லை கொடுத்தது கஸ்டர்ட். இரவு கரண்டியில் ஒட்டி நிற்கும்; காலையில் பார்த்தால் கஞ்சித்தண்ணி. மைதாவைக் கூட்டினாலும் மாவு வாடைதான் மிச்சம்.

காரணம் மஞ்சள்கரு. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிதைக்கும். கலவை கெட்டியானதுமே இறக்கிவிட்டால் அது செயலிழக்காமல், ஆறிய பிறகும் வேலையைக் காட்டும். 2 கப் பால், அரை கப் சர்க்கரை, கப்பில் மூன்றில் ஒரு பங்கு மைதா, 3 மஞ்சள்கரு, சிட்டிகை உப்பு என்ற அளவை நான் மாற்றவில்லை. சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள்கருவில் ஊற்றி அடித்து, திரும்பப் பாத்திரத்தில் சேர்த்து, அடிபிடிக்காமல் கிண்டுகிறேன். கொப்புளம் வெடிக்க ஆரம்பித்த பிறகும் முழுதாக 2 நிமிடம் கொதிக்க விடுகிறேன். முட்டை திரிந்துவிடாதா? இவ்வளவு மாவு இருக்கையில் திரியாது. மாவில்லாத கஸ்டர்டுக்குத்தான் அந்தப் பயம். வெனிலா எசென்ஸ் இறக்கிய பிறகு.

கஸ்டர்ட் சூடாக இருக்கும்போதே நுரையைப் பாத்திர விளிம்பைத் தொடும்படி பரப்ப வேண்டும். ஆறவிட்டால் அடியில் நீர் கோக்கும். பிறகு 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கால் மணி நேரம், பொன்னிறம் வரும்வரை. பழத்தோலில் அங்கங்கே புள்ளி விழுந்திருந்தால் போதும். கறுத்துக் குழைந்தது கேக்குக்குப் போகட்டும்.