கொழுந்து பறிக்கிற அக்காங்ககிட்ட நெஞ்சு நோவு பத்தி பேசறது எப்படி

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளிங்க வீட்டு வரிசையில, கூட்டம் போடணும்னா மொதல்ல நேரத்த பாருங்க, கொழுந்து எடை போட்டு வீட்டுக்கு போய் அடுப்ப பத்த வைக்கறதுக்குள்ள அரைமணி நேரம் தான் கிடைக்கும்.

எடுத்ததுமே நெஞ்சு வலிக்குதான்னு கேக்காதீங்க, எல்லாரும் இல்லன்னு தான் சொல்லுவாங்க. பொம்பளைங்களுக்கும் நெஞ்சுல வலி, அழுத்தம் தான் பெரும்பாலும் வரும், ஆனா அதோட சேந்தோ சிலசமயம் அது இல்லாமயோ தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்கறது, குமட்டல், இந்த குளிர்லயும் வேர்வை, காரணமே இல்லாத அசதின்னு வரும். அதனால "எப்பவும் ஏறுற மேட்ட இப்ப நின்னு நின்னு ஏறுறீங்களாக்கா"ன்னு கேளுங்க. அப்படி கேட்டப்ப தான் ஒரு அக்கா கூடைய எறக்கி வெச்சுட்டு "ஆமா கண்ணு, நடுவுல ரெண்டு எடத்துல உக்காந்துடுறேன், வாயுன்னு நெனச்சேன்"னாங்க.

மாசமா இருந்தப்ப பிரஷர், சுகர் இருந்துச்சான்னு கட்டாயம் கேளுங்க, இருந்தவங்களுக்கு பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்பு அதிகம், இத யாரும் கேக்கறதே இல்லங்கறது தான் என் வருத்தம்.

பிரஷர் பாக்கறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் டீ வேணாம், அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரட்டும், ஸ்வெட்டர கழட்டி கைய நெஞ்சு மட்டத்துல வைங்க. 140/90 தாண்டினா இன்னொரு தடவ பாத்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க.

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன்ல அள்ளி காட்டுங்க.

கடைசியா 108. மேல சொன்ன மாதிரி திடீர்னு வந்தா சோடா குடிச்சு பாக்கலாம்னு உக்காராம உடனே கூப்பிடணும், மலை ரோட்டுல வண்டி வரவே நேரமாகும், லைன் பேரையும் பக்கத்து பஸ் ஸ்டாப்பையும் சொல்லி பழக்குங்க.